பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை: தாமிரபரணிக் கரையில் ஒரு பயணம்

செவ்வாய், அம்பாசமுத்திரம்

பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே, அதுவும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது தாமிரபரணியைத்தான். பொதிகை மலையில் கிளம்பி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அந்த 128 கிலோமீட்டரையும் ஆற்றின் போக்கிலேயே, மலையிலிருந்து கடலை நோக்கி நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டுப் பக்கம். எங்களுக்கு ஏரிதான் எல்லாம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அந்த வருஷமே போச்சு. அக்காவை அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் ஓர் ஆறு நம் மாநிலத்தில் இருப்பதை நேரில் பார்த்தேன். ஜூனில் தென்மேற்கு மழை மலையில் பிடித்தால் இங்கே கார்ப் பருவ நெல் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிசானப் பருவ நெல். மாமாவுக்கு நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருக்கிறது. இப்போது தை கடைசி என்பதால் பிசான நெல் கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வரப்பில் நடந்தபோது மேற்கே பொதிகை மலை மேகம் மூடி நின்றது.

“ரெண்டு மழையும் இந்த மலைக்குத்தான் பெய்யுது மாப்ள. நாம கீழ நின்னு பங்கு வச்சுக்கிடுதோம், அவ்வளவுதான்” என்றார் மாமா.

அந்தப் பங்கு வைத்த கதையைத்தான் நான் பார்க்க வந்திருக்கிறேன். எந்த அரசர் எப்போது ஆண்டார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தாயிற்று. இந்தத் தண்ணீரை யார் தேக்கினார்கள், யார் வெட்டிக் கொண்டுபோனார்கள், யார் காப்பாற்றினார்கள் என்பது கரையோரம் போனால்தான் தெரியும்.

புதன், பாபநாசம், காரையாறு

காலை ஆறு மணிக்கே பாபநாசம் வனத்துறை சோதனைச்சாவடியில் நின்றோம். பைகளைத் திறந்து பிளாஸ்டிக், மதுபாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். அது நல்ல காரியம். இதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இதுவும் ஒரு பகுதி. அந்தக் காப்பகத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. சாலையின் இருபுறமும் காடு அடர்ந்துகொண்டே போகிறது. ஒரு வளைவில் மலை அணில் ஒன்று, செம்பழுப்பு முதுகும் நீண்ட வாலுமாக, கிளை விட்டுக் கிளை தாவியது. மாமா வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். அது போய் மறையும் வரை யாரும் பேசவில்லை.

காரையாற்றில் இருக்கும் பாபநாசம் அணையின் கொள்ளளவு மட்டம் 143 அடி. நெல்லைக்காரர்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அணைக்கு அப்பால் மலைச்சரிவில் காணிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். இந்தக் காட்டின் மூத்த மக்கள் அவர்கள். தேன், கிழங்கு, மூலிகை பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை. அனுமதியில்லாமல் குடியிருப்புகளுக்குப் போகக் கூடாது, நாங்களும் போகவில்லை.

இறங்கும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு இங்கே லட்சக்கணக்கில் சனம் கூடும், காட்டுக்குள்ளேயே குடில் போட்டுத் தங்கும். இன்று பத்துப் பேர்கூட இல்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு நான் நெடுநேரம் நின்றது பட்டவராயன் சன்னதியில். வரிசையாகத் தோல் செருப்புகள் தொங்குகின்றன, எல்லாம் நேர்ந்துகொண்டு செய்து போட்டவை. ராத்திரியில் பட்டவராயன் அவற்றைப் போட்டு நடப்பதால் அடிப்பக்கம் தேய்ந்துபோகிறது என்பது நம்பிக்கை.

அந்தக் கதையை மாமா அங்கே திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடும் கதை அது. பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமண இளைஞன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்க்கிறான். அவர்களின் அப்பா வாலப்பகடை செருப்புத் தைப்பவர். பெண் கேட்டபோது அவர் சொன்ன நிபந்தனை: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் பழகு. முத்துப்பட்டன் அத்தனையும் செய்தான். பிறகு மாமனாரின் மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிக்கொண்டு போக, மீட்கப் போன இடத்தில் வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள்.

சாதியை உதறிய ஒருவனைச் சனங்கள் தெய்வமாக்கி, அவன் கற்றுக்கொண்ட தொழிலின் பொருளையே காணிக்கையாக இன்று வரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் மாநிலத்தின் வரலாறு என்று நான் யாருக்காவது ஒரே ஓர் இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் இந்தச் சன்னதியைக் காட்டுவேன்.

மதியம் அகத்தியர் அருவியில் குளியல். கூட்டம் குறைவு, தண்ணீர் தாராளம். அப்புறம் கீழே பாபநாசநாதர் கோயில் படித்துறை. அங்கேதான் மனசு கெட்டுப்போனது. பாவம் தீர முழுகிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. படிக்கட்டின் இடுக்கில், பாறையின் அடியில் எல்லாம் சேலையும் வேட்டியும் சிக்கிக் கிடக்கின்றன. தன்னார்வலர்களும் உள்ளாட்சிப் பணியாளர்களும் டன் கணக்கில் அள்ளுகிறார்கள், மறுபடி சேருகிறது. இந்த ஆற்றை நம்பித் தென் மாவட்டங்களில் லட்சக்கணக்கான வீடுகள் குடிக்கின்றன. முழுகப் போகிற யாரும் தயவுசெய்து துணியைக் கரைக்குக் கொண்டுவந்து கூடையில் போடுங்கள்.

வியாழன், திருப்புடைமருதூர்

கடனா நதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில், வயலுக்கு நடுவே சின்ன ஊர். காலை ஏழு மணிக்கு ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுந்தது பறவைக் கூச்சல். ஆற்றங்கரை மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கூடுகள். மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு. நாரை ஒன்று அலகில் சுள்ளியோடு வந்து இறங்க, கூட்டில் இருந்த ஜோடி அதை வாங்கிச் செருகியது. கீழே தெருவில் ஆச்சி ஒருவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். எச்சம் விழுந்த இடத்தைப் பற்றி அவருக்கு எந்தப் புகாரும் இல்லை.

“அதுக எங்க போகும் தம்பி? எங்க அம்மா காலத்துலயும் இங்கதான் வரும். குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வச்சிக் காப்பாத்துவோம்” என்றார்.

2002-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், உள்ளூர் மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்ற புது வகை வந்தது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவதாக, 2005 பிப்ரவரி 14-ல் அறிவிக்கப்பட்டது இந்த ஊர். பரப்பளவு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. நேற்று பார்த்த புலிக்காட்டோடு ஒப்பிட்டால் ஒரு மூலைகூட இல்லை. ஆனால் அங்கே வேலியும் சோதனைச்சாவடியும் காக்கின்றன, இங்கே வாசல் தெளிக்கும் ஆச்சிதான் காவல்.

நாறும்பூநாதர் கோயில் இந்த ஊரின் இன்னொரு பொக்கிஷம். லிங்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் போனதால் கருவூர்ச் சித்தர் மறுகரையில் நின்று “நாறும்பூநாதா” என்று கூப்பிட்டார், அந்தக் குரலைக் கேட்க சுவாமி காதைச் சாய்த்தார் என்பது தலபுராணம்.

கோபுரத்துக்குள் ஏற அனுமதி வாங்கியிருந்தோம். மரப்படி செங்குத்து. ஐந்து நிலைகளிலும் தூணும் உத்தரமும் மரத்தில் செதுக்கியவை, சுவர் முழுக்க ஓவியம். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவராகப் பார்த்தோம். மீனாட்சி கல்யாணம், ராமாயணம், அடியார் கதைகள். ஒரு சுவரில் கப்பல் வருகிறது, கப்பலில் அரபுக் குதிரைகள். இன்னொரு சுவரில் படைகள் எதிரெதிரே நிற்கின்றன. 1532-ல் விஜயநகரத்து அச்சுதராயர் படைக்கும் திருவிதாங்கூர் மன்னருக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த போரைத் தீட்டியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குதிரைக்காரன் முகத்தில் மீசை முறுக்கிலிருந்து சேணத்தின் பூவேலை வரை அப்படியே இருக்கிறது. சில இடங்களில் மட்டும் சுவரில் ஈரம் ஏறி நிறம் உதிர்ந்திருக்கிறது, சில இடங்களில் யாரோ பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் சுவரில் கைகூட வைக்காதீர்கள். மூச்சுக்காற்று பட்டாலே நோகும் நிலையில் இருக்கின்றன.

நான் பார்த்த தமிழ்நாட்டு ஓவியங்களில் இவ்வளவு நெருக்கமாக, மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தது இங்கேதான். இறங்கவே மனசில்லை. மதியம் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டதால் இறங்கினோம்.

வெள்ளி, சேரன்மகாதேவி, பத்தமடை

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு ரொம்ப முந்தியவை. ஆற்றை நிறுத்திவைப்பதில்லை. குறுக்கே தாழ்வாகக் கல்லணை போட்டுக் கொஞ்சம் தண்ணீரைக் கால்வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கீழ் ஊர்க்காரர்களுக்கு விட்டுவிடுகிறது ஒவ்வொன்றும். கால்வாய் குளங்களை நிரப்பும், ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. சேர மன்னன் ஒருவனுக்குத் தீராத நோய். எள்ளால் ஒரு பொம்மை செய்து, உள்ளே பொன் நிரப்பி, நோயை அதில் இறக்கித் தானமாகக் கொடுத்தால் தீரும் என்றார்கள். வாங்க யாரும் துணியவில்லை. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். வந்த பொன்னை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார். பசு நடந்த வழியெல்லாம் கால்வாய், அது நீர் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். அப்படியே பிராஞ்சேரி வரை போய் முடிந்ததாம்.

கால்வாயோடு வண்டியில் போய்ப் பார்த்தால் கதையின் அருமை புரிகிறது. பசு மேட்டில் ஏறாது, சரிவைப் பார்த்து வளைந்து வளைந்துதான் நடக்கும். கால்வாயும் அப்படியேதான் வளைகிறது. மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் படித்த யாரோ வெட்டியது. அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சுமார் 12,500 ஏக்கர் இன்றும் அதில்தான் விளைகிறது.

சேரன்மகாதேவியில் இந்தக் கால்வாய்க் கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை தவறினால் விவசாயிகள் ஒன்றுகூடி, மிளகை அரைத்துப் பிள்ளையார் மேனி முழுக்கப் பூசி, அபிஷேகம் செய்கிறார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் போய்ச் சேர்ந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. மாமாவும் அவர் அப்பாவோடு சின்ன வயசில் அந்தப் பூஜைக்கு வந்திருக்கிறார். “அரைக்கும்போதே கண்ணு எரியும் மாப்ள” என்றார்.

பத்தமடைக்குப் போனபோது ஜும்மா நேரம். தெருவில் ஆளே இல்லை. தெரிந்தவர் ஒருவர் அழைத்துப்போன வீட்டில், தரையோடு தரையாகப் போட்ட தறியில் அம்மா ஒருவர் பாய் முடைந்துகொண்டிருந்தார். பத்தமடைப் பாய் என்றால் நாம் கடையில் பார்ப்பது ஒன்று, நல்ல பாய் என்பது வேறு. ஆற்றங்கரைக் கோரையை வெட்டி, கீறி, உள்ளே சோறுபோல இருக்கும் சதையை நீக்கி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல்போல மெல்லிசாக்கிய பிறகுதான் தறிக்கு வருகிறது. கோரை எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு விலை. உயர்ந்த ரகம் பட்டுத்துணியைப் போல மடிகிறது.

“ஒரு கல்யாணப் பாய் முடிக்க எத்தனை நாள் ஆகும்மா?” என்று கேட்டேன்.

“நல்ல பாய்னா ஒரு மாசம் போயிரும் தம்பி. பொண்ணு மாப்பிள்ளை பேரு வேற நெய்யணும்ல” என்று சொல்லிக்கொண்டே கோரையைக் கோத்தார். ஒரு கோரை போட்டு, கோரையை நெருக்கும் பண்ணை என்ற சட்டத்தை இழுத்துத் தட்டி, அடுத்தது. பார்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் பாய் ஒரு விரற்கடைதான் வளர்ந்திருக்கும். இந்த ஊரில் முடைபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். திருமணம் எந்த மதத்துக்காரர் வீட்டில் நடந்தாலும் மணமக்கள் உட்காரும் பாய் இங்கிருந்து போயிருக்கிறது. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் இளசுகள் தறிக்கு வருவதில்லை என்றார் அம்மா. விலை பேசாமல் ஒரு பாய் வாங்கினோம். இதைப் படிக்கிறவர்களும் அங்கே போனால் பேரம் பேசாதீர்கள்.

சனி, திருநெல்வேலி

நெல்லையப்பர் கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மணிமண்டபத்து இசைத்தூண்கள், ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை, ஆனித் தேர். எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை, பார்த்தோம். சாயங்காலம் கோயில் எதிரே அல்வாவுக்கு வரிசையில் நின்றதும் நடந்தது. வாழையிலையில் சுடச்சுட வாங்கி வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சம்பா கோதுமைப் பாலும் இந்த ஆற்றுத் தண்ணீரும்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரே சத்தியம் செய்கிறது.

நான் எழுத நினைப்பது பாலத்தைப் பற்றி. 1840-களுக்கு முன்னால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் இரண்டு ஊரும் தனித்தனி. பாலம் கட்டப் பணம் இல்லை என்று பேச்சு வந்தபோது, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் செலவைத் தானே ஏற்றார். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைபடம் போட்டார். 1843-ல் திறந்த அந்தப் பாலத்தில் இன்றும் பஸ் ஓடுகிறது. பதினொரு வளைவுகள். ஓர் அரசு ஊழியர் ஊருக்காகத் தன் சொத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாலத்தை ஒட்டிய கொக்கிரகுளத்துக் கரையில்தான் 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள். செத்தவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. பாலத்தின் மேல் நின்றால் அந்த இடம் முழுசாகத் தெரிகிறது. வருஷா வருஷம் அன்றைக்கு வந்து ஆற்றில் பூ போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் நேற்று பார்த்த நிறத்தில் இல்லை. நகரத்துச் சாக்கடை கலக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது. காரையாற்றில் கையால் அள்ளிக் குடித்த தண்ணீரை இங்கே தொட யோசித்தேன். அது ரொம்ப வலித்தது.

ஞாயிறு, ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி

திருச்செந்தூர் சாலையில் முதலில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் முன்மண்டபத் தூண்களில் வீரபத்திரர், ரதி, மன்மதன், இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன். நாயக்கர் காலச் சிற்பிகளின் கை. கல்லில் நரம்பு புடைப்பதும் நகம் பதிவதும் தெரிகிறது.

ஆதிச்சநல்லூர் சாலையோரம் ஒரு செம்மண் மேடு. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம், நூறு ஏக்கருக்கு மேல். 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து சில வருஷங்கள் தோண்டினார். இரும்பு வாள், ஈட்டி, வெண்கல விளக்கு, மிருக உருவம் வைத்த மூடி, நெற்றியில் கட்டும் பொன்பட்டம் என்று குவியலாகக் கிடைத்தன. அவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூறு வருஷம் கழித்து 2004-ல்தான் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியைத் தொட்டது. இப்போது தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று கீழே பார்த்தால் தாழி, அதற்குள் எலும்பு, பக்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணம்.

இந்த மேட்டில் நெல் விளையாது, பாறை. கீழே ஆற்றோரம் பச்சைப் பசேல் என்று வயல். விளையும் நிலத்தைத் தொடாமல், விளையாத மேட்டைச் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நிலத்தைப் பங்கு வைக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்கள்.

பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்மணிக்கு கி.மு. 1155 என்று காலம் வந்திருக்கிறது. அதே ஊரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. உலகத்து அறிஞர்கள் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும், இன்னும் தோண்டட்டும்.

ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டும்போது 2023 டிசம்பர் ஞாபகம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு சிக்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடே மூழ்கிய நிலையில் கோயிலில் சமைத்துப் பயணிகளுக்குச் சோறு கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் நடை திறந்ததும் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் இருந்த புளியமரம் இன்னும் நிற்கிறது. இரவிலும் இலை மூடாது என்பதால் உறங்காப்புளி என்கிறார்கள். தண்டு முண்டும் முடிச்சுமாக, பல கிளைகளாகப் பிரிந்து, சுற்றிலும் மதில். மரத்தடியில் ஒரு பெரியவர் திருவாய்மொழி சொல்லிக்கொண்டிருந்தார். பத்துக் கல் சுற்றளவுக்குள் ஒன்பது திருப்பதிகள் என்னும் பெருமாள் கோயில்கள், எல்லாம் ஆற்றை ஒட்டி. திருக்கோளூரைப் பாடும்போதுதான் நம்மாழ்வார், உண்ணும் சோறும் பருகும் நீரும் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன் என்றார். இந்தக் கரையில் நெல், ஆறு, வெற்றிலைக் கொடிக்கால் மூன்றும் கண்ணெதிரே இருக்கின்றன. வானத்துக் கடவுளைத் தன் ஊர் வயலில் வைத்துப் பாடியவர் அவர்.

திங்கள், கொற்கை, புன்னைக்காயல்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று கடல் இல்லை. வாழைத்தோட்டமும் குளமும்தான். கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளஸ் இந்த ஊரைச் சொல்கிறது, முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்து, இதுதான் பழைய கொற்கை என்று உறுதிப்படுத்தினார். ஊருக்குள் பழைய வன்னி மரம் ஒன்று. குளத்துக்குள் வெற்றிவேல் அம்மன் கோயில், கண்ணகிதான் இந்த அம்மன் என்பார்கள். வயலில் சங்குத் துண்டுகள் இன்னும் அகப்படுகின்றன.

ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் விலகியது. துறைமுகம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து, குதிரைக் கப்பல்கள் வந்து நிற்கும் பெரிய பட்டணம் என்று எழுதியது அந்தக் காயலைத்தான். இன்றைய பழையகாயல் அது. அதுவும் தூர்ந்தது. அடுத்து புன்னைக்காயல். பொதிகை மண்ணையும் நம் வயல் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து, ஓர் ஊருக்கு அப்பால் இன்னோர் ஊர் என்று துறைமுகத்தைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது இந்த ஆறு. மூன்று ஊரையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

முக்காணிப் பாலம் தாண்டி ஆத்தூர். வெற்றிலைக்குப் பெயர் போன ஊர், புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அகத்திக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயிலே தெரியவில்லை. பக்கத்தில் சேர்ந்தபூமங்கலம். அகத்தியரின் சீடர் உரோமசர் ஒன்பது பூக்களை ஆற்றில் விட, அவை ஒதுங்கிய இடமெல்லாம் சிவன் கோயில். முதல் பூ பாபநாசம், கடைசிப் பூ இங்கே. நவகைலாயம் எனப்படும் இந்த ஒன்பது கோயில்களையும் சுற்றுபவர்கள் ஆற்றின் முழு நீளத்தையும் வந்துவிடுகிறார்கள். ஆற்றை முழுசாகப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

புன்னைக்காயல் பரதவர் ஊர். போர்ச்சுக்கீசியர் காலத்தில் கோட்டை இருந்தது. அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்றிக் என்றிக்கஸ் இந்தக் கடற்கரை மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். கடலோர மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதிய தமிழ் முதலில் அச்சேறியது என்பதை நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

ஆறு இங்கே கிளைகளாகப் பிரிந்து, அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கடலில் சேர்கிறது. முகத்துவாரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணனிடம் பேசினேன்.

“அண்ணே, ஆத்துத் தண்ணி வந்தா மீனுக்கு நல்லதா?”

“நல்லதுதான் தம்பி. வெள்ளத்தண்ணி வந்து கலந்தாத்தான் இறாலும் நண்டும் பெருகும். ஆனா மண்ணு சேர்ந்து வாய் தூர்ந்துபோச்சுன்னா படகு உள்ள வர முடியாது. அலையில தட்டிரும்.”

தூர் வாரச் சொல்லித்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொற்கைக்காரர்களும் காயல்காரர்களும் ஒரு காலத்தில் பட்ட அதே கஷ்டம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பறவைகளுக்கும் பிசான வயலுக்கும் தை, மாசி ஏற்ற மாதங்கள். அருவிக்கு ஆனி, ஆடி. காரையாற்றுக்குக் காலை ஆறு மணிக்கு மேல்தான் விடுவார்கள், மாலை ஆறு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். திருப்புடைமருதூர் கோபுரத்துக்கு முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஏரல் வரை எல்லா ஊருக்கும் பஸ் உண்டு, வண்டி இல்லாதவர்களும் போய்வரலாம். மாஞ்சோலைக்கும் மணிமுத்தாற்றுக்கும் இந்தத் தடவை போகவில்லை. ஆடியில் கார் நடவு நடக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார் மாமா, அப்போது அந்தப் பக்கம்.